‘ஆர்டிஓ சலான்’ ஏபிகேவை அப்பா திறந்துவிட்டார், பணம் இன்னும் போகவில்லை: முதலில் எதைச் செய்வது?

வைகைக்கரை | இரவு 7.52

அப்பா (68 வயது) வாட்ஸப்பில் வந்த ‘ஆர்டிஓ சலான்’ (வண்டி அபராத ரசீது) என்ற ஏபிகே ஃபைலை, அதாவது ப்ளே ஸ்டோருக்கு வெளியே வரும் ஆப் ஃபைலைத் திறந்து இன்ஸ்டால் செய்துவிட்டார். வந்தது தெரிந்தவர் நம்பரிலிருந்து. அவர் போனும் மாட்டியிருக்கும் போல. நடந்தது 7.10 வாக்கில்.

ஆண்ட்ராய்டு 12 போன். ஜியோ, ஏர்டெல் என்று இரண்டு சிம்; வங்கிக் கணக்கு இரண்டும் ஜியோ நம்பரில். போனின் பாதுகாப்புச் சோதனையான ப்ளே ப்ரொடெக்ட் எச்சரித்தும் மீறி இன்ஸ்டால் ஆகியிருக்கிறது. எஸ்எம்எஸ் அனுமதி கேட்டது, கொடுத்திருக்கிறார். பிறகு வண்டி நம்பர், பெயர், ‘1 ரூபாய் கட்டிச் சரிபார்க்கவும்’ என்று ஒரு படிவம். டெபிட் கார்டு நம்பர், காலாவதி மாதம், சிவிவி எல்லாம் போட்டுவிட்டு, யுபிஐ பின் கேட்ட இடத்தில் சந்தேகப்பட்டு நிறுத்தியிருக்கிறார். இப்போது அந்த ஆப்பின் ஐகானே ஸ்கிரீனில் இல்லை.

இதுவரை பணம் போகவில்லை. ஒரு கணக்கில் பென்ஷன் வருகிறது, இன்னொன்றில் எஃப்டி இருக்கிறது. மூன்று சந்தேகம்: இப்பவே போனை ரீசெட் அடிக்கலாமா? காலையில் புது சிம் வாங்கிவிடலாமா? பணமே போகாதபோது 1930-க்கு (சைபர் மோசடி உதவி எண்) கூப்பிட வேண்டுமா?

பட்டன்போன் | இரவு 7.57

ரீசெட் அப்புறம். முதலில் அந்த போனின் வாயைக் கட்டுங்க.

மொபைல் டேட்டா, வைஃபை ரெண்டையும் அணைங்க. ஏர்பிளேன் மோட் மட்டும் போட்டா சில போனில் வைஃபை விடாம ஒட்டிக்கிட்டே இருக்கும், கண்ணால பார்த்து அணைங்க. அடுத்த நிமிஷம் ரெண்டு சிம்மையும் கழற்றி வேற போனில் போடுங்க. இந்த ஆப் செய்யற வேலை ரொம்ப எளிசு: வர்ற எஸ்எம்எஸ்ஸை இன்டர்நெட் வழியா எதிராளிக்குத் தள்ளிவிடும். சிம் வேற போனுக்குப் போயிட்டா ஓடிபியும் அங்கேதான் விழும், இவன் கையில் ஒண்ணும் சிக்காது.

ஒரு விஷயம். ஜியோ சிம் பழைய 2ஜி பட்டன் போனில் எடுக்காது. 4ஜி வோல்ட்டி உள்ள போன் வேணும். இது தெரியாம அரை மணி நேரம் சிக்னல் வரும் வரும்னு காத்திருக்கறவங்க உண்டு.

சிம் மாறினதும் கால் ஃபார்வர்டிங்கைப் பாருங்க, அதாவது வர்ற அழைப்பை வேற நம்பருக்குத் திருப்பி வச்சிருக்கான்னு. ஓடிபியைக் குரல் அழைப்பாகவும் வாங்க முடியும். ஃபார்வர்டிங் நெட்வொர்க்கில் பதிவாகிறது, போனில் இல்லை. அதனால போனை அணைச்சாலும் சிம்மைக் கழற்றினாலும் அது ஓடிக்கிட்டே இருக்கும். *#21# அடிச்சா நிலவரம் தெரியும், ##002# அடிச்சா எல்லா ஃபார்வர்டிங்கும் நீங்கும். ஜியோவில் அது வேலை செய்யலைன்னா *413. இப்படி *, # வச்சு அடிக்கிற யுஎஸ்எஸ்டி கோடு வழியா ஃபார்வர்டிங் போடறதை 2024 ஏப்ரல் 15 முதல் நிறுத்தச் சொல்லி தொலைத்தொடர்புத் துறை உத்தரவு போட்டது உண்மைதான். ஆனாலும் போன் செட்டிங்ஸ் வழி திறந்தே இருக்கு. அரை நிமிஷ வேலை, பார்த்துடுங்க.

புது சிம் வேண்டாம். கெட்டது போன், சிம் இல்லை. டூப்ளிகேட் சிம் போட்டா 24 மணி நேரத்துக்கு அந்த நம்பரில் எஸ்எம்எஸ் வராது, போகாது. நம்ம நம்பரை வேற ஆள் டூப்ளிகேட் சிம்மில் வாங்கிக்கிற சிம் ஸ்வாப் மோசடியைத் தடுக்க வச்ச விதி. நாளைக்கு வங்கி வேலையெல்லாம் ஓடிபியை நம்பித்தான் நடக்கணும், அதை நீங்களே அடைச்சுக்காதீங்க.

கவுண்ட்டர்_3 | இரவு 8.06

பட்டன்போன் சொன்னதைச் செய்துகொண்டே இன்னொருவர் வேறு போனிலிருந்து வங்கியைக் கூப்பிடுங்கள். நம்பரை கூகுளில் தேடாதீர்கள். தேடலில் மேலே வருவது பல சமயம் போலிக் கஸ்டமர் கேர். கார்டின் பின்பக்கமும் பாஸ்புக்கிலும் இருக்கிறது. வங்கித் தளத்தில் பார்ப்பதென்றால் முகவரி ‘.பேங்க்.இன்’ (.bank.in) என்று முடிகிறதா பாருங்கள். ரிசர்வ் வங்கி 2025-இல் எல்லா வங்கிகளையும் அந்த முடிவுக்கு மாறச் சொன்னது.

இப்போது என்ன கேட்பது? பெரும்பாலோர் ‘கார்டை பிளாக் பண்ணுங்க’ என்று சொல்லிவிட்டு வைத்துவிடுகிறார்கள். அது போதாது. கேட்க வேண்டிய வார்த்தை ‘டெபிட் ஃப்ரீஸ்’. கணக்கிலிருந்து எதுவும் வெளியே போகக் கூடாது, கார்டு, யுபிஐ, நெட் பேங்கிங், ஏஇபிஎஸ் (ஆதார் கைரேகை வைத்துப் பணம் எடுப்பது) எந்த வழியாகவும். வரவு நிற்காது, பென்ஷன் வழக்கம்போல வந்து விழும். ஆனால் அதே கணக்கிலிருந்து இஎம்ஐ, இன்ஷூரன்ஸ் பிரீமியம் போகிறதென்றால் அது திரும்பும், அபராதமும் விழும். தேதி நெருங்கியிருந்தால் அவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கார்டை மட்டும் முடக்குவது ஏன் போதாது என்பதற்குக் காரணம் இருக்கிறது. எதிராளி தன் போனில் உங்கள் அப்பாவின் நம்பரில் யுபிஐ ஆப்பைத் தொடங்குகிறான். அந்த ஆப் நம்பரைச் சரிபார்க்க, புரியாத எழுத்துகள் கொண்ட ஒரு எஸ்எம்எஸ்ஸை அந்த சிம்மிலிருந்து அனுப்பச் சொல்லும். சிம் அவனிடம் இல்லை. ஆனால் அந்த வாசகத்தை உங்கள் அப்பா போனிலுள்ள ஏபிகேவுக்குத் தள்ளினால் அது ஓசைப்படாமல் அனுப்பிவிடும். யுபிஐ அமைப்பைப் பொறுத்தவரை நம்பர் சரிபார்க்கப்பட்டது, முடிந்தது. அடுத்து புது யுபிஐ பின் வைக்க டெபிட் கார்டின் கடைசி 6 எண்கள், காலாவதி மாதம், ஓடிபி. சில வங்கிகள் ஏடிஎம் பின்னும் கேட்கும். படிவத்தில் அப்பா போட்டுக் கொடுத்தது எது என்று பாருங்கள். அந்த 1 ரூபாய் ஒரு பொருட்டே இல்லை, கார்டு விவரத்தை எழுதவைக்கத்தான் அந்தப் படிவம். யுபிஐ பின்னை அவர் கொடுக்காதது நல்லதுதான், ஆனால் அவர்களே புதிதாக வைத்துக்கொள்ள வழி இருக்கிறது.

ஆகவே இப்போதே ஒரு சோதனை: அந்த போனில் ‘அனுப்பியவை’ பகுதியைத் திறந்து, 7.10-க்குப் பிறகு தெரியாத நம்பருக்குக் கொச்சகொச்சவென்று எழுத்தும் எண்ணுமாக ஏதாவது போயிருக்கிறதா பாருங்கள். டேட்டா அணைந்திருந்தாலும் அதைப் பார்க்கலாம். இருந்தால் வங்கியிடம் ‘இந்த நம்பரின் யுபிஐ பதிவுகளை எல்லாம் நீக்குங்கள்’ என்று தனியாகச் சொல்ல வேண்டும்.

இன்னும் பணம் போகவில்லையே என்று ஆறுதல் கொள்ள வேண்டாம். புதிதாக ஒரு போனில் யுபிஐ பதிந்தால் முதல் 24 மணி நேரத்துக்குப் பொதுவாக 5,000 ரூபாய் வரம்பு. விவரம் தெரிந்த கூட்டம் அந்த ஒரு நாளைக் காத்திருந்து கழித்துவிட்டுத்தான் கை வைக்கும்.

எஃப்டி உள்ள வங்கிக்கும் தனியாகக் கூப்பிடுங்கள். எஃப்டி பத்திரமாக இருக்கிறது என்பது பழைய நினைப்பு. நெட் பேங்கிங்கில் நுழைந்தவனால் எஃப்டியை இரவோடு இரவாக உடைக்க முடியும், அதன் மேல் ஓவர்டிராஃப்ட் எடுக்க முடியும், ‘உங்களுக்காகத் தயாராக உள்ள கடன்’ என்று காத்திருக்கும் பர்சனல் லோனையும் இரண்டு ஓடிபியில் வாங்க முடியும். கணக்கில் 800 ரூபாய்தான் இருந்தது என்று சும்மா இருந்தவர் தலையில் லட்சக்கணக்கில் கடன் ஏறுவது இப்படித்தான். நெட் பேங்கிங் யூசரை முடக்கச் சொல்லுங்கள். பாஸ்வேர்டை அந்த போனில் மாற்றாதீர்கள்; புதிய பாஸ்வேர்டை நீங்களே கொண்டுபோய்க் கொடுப்பதுபோல் ஆகும்.

பேசி முடித்ததும் புகார் எண்ணை வாங்கி, வங்கியின் மின்னஞ்சலுக்கும் இரண்டு வரி அனுப்பி வையுங்கள். சொன்ன நேரம் எழுத்தில் இருக்கட்டும்.

சேஃப்மோட் | இரவு 8.21

போனுக்கு வருகிறேன். ‘உடனே ரீசெட்’ என்று பலர் சொல்வார்கள். முடிவில் செய்ய வேண்டியது அதுதான், ஆனால் அதற்கு முன் பத்து நிமிடம் சாட்சியத்துக்கு. ரீசெட் அடித்த போனில் போலீஸுக்குக் காட்ட எதுவும் மிஞ்சாது.

இன்னொரு போனின் கேமராவால் படம் எடுங்கள், அந்த போனிலேயே ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் அதை வெளியே கொண்டுவர மறுபடி டேட்டாவைத் திறக்க வேண்டிவரும். வாட்ஸப்பில் ஃபைல் வந்த செய்தி, அனுப்பிய நம்பர், நேரம், ‘அனுப்பியவை’ எஸ்எம்எஸ், செட்டிங்ஸில் அந்த ஆப்பின் பக்கம், அதன் அனுமதிகள். இவ்வளவு போதும்.

ஐகான் இல்லை என்றால் ஆப் போய்விட்டது என்று அர்த்தமில்லை. செட்டிங்ஸ், ஆப்ஸ், ‘எல்லா ஆப்களும்’ பட்டியலில் இருக்கும். பெயரே இல்லாமல் வெற்று இடமாகவோ, ‘அப்டேட் சர்வீஸ்’ என்று போனோடு வந்த ஆப் மாதிரியோ நிற்கும். பல நேரம் இரண்டு ஆப் இருக்கும்: முதலில் வந்தது வெறும் வண்டி, ‘அப்டேட் தேவை’ என்று சொல்லி உள்ளேயிருந்து இன்னொன்றை இறக்கிவிட்டிருக்கும். ஒன்றை நீக்கிவிட்டு நிம்மதியாக உட்காராதீர்கள்.

அன்இன்ஸ்டால் பட்டன் மங்கலாக இருந்தால் அதற்கு டிவைஸ் அட்மின் அதிகாரம் கொடுக்கப்பட்டிருக்கிறது. செக்யூரிட்டிக்குள் போய் அதை எடுத்தால்தான் நீக்க விடும். அந்தப் பக்கத்தைத் திறந்த உடனே ஹோம் ஸ்கிரீனுக்குத் தள்ளிவிடுகிறதா? அக்சஸிபிலிட்டி அனுமதி வாங்கியிருக்கிறான், உங்கள் விரலுக்கு முந்திக்கொண்டு அவன் தொடுகிறான். அப்போது சேஃப் மோட்: பவர் மெனுவில் ‘பவர் ஆஃப்’ என்பதை விடாமல் அழுத்திப் பிடித்தால் பெரும்பாலான போன்களில் கேட்கும். அந்த நிலையில் நாம் இன்ஸ்டால் செய்த ஆப் எதுவும் ஓடாது.

ஆண்ட்ராய்டு 13-லிருந்து, இப்படி வெளியிலிருந்து வந்த ஏபிகேக்கு அக்சஸிபிலிட்டியும் நோட்டிஃபிகேஷன் படிக்கும் அனுமதியும் நேரடியாகக் கொடுக்க முடியாமல் பூட்டு வைத்திருக்கிறார்கள். உங்கள் அப்பாவின் 12-இல் அது கிடையாது. பழைய போனைப் பெரியவர்களுக்குத் தள்ளிவிடுகிற நம் வீட்டுப் பழக்கத்தை இதற்காகவாவது மாற்றிக்கொள்ளலாம்.

ரீசெட்டுக்கு முன் கூகுள் கணக்கின் பாஸ்வேர்டு தெரியுமா என்று உறுதிசெய்யுங்கள். தெரியாமல் அடித்தால் போன் உங்களையே திருடனாகப் பார்த்து, பழைய கணக்கில் நுழையும்வரை திறக்காமல் போகலாம். வேறு கருவியில் நுழைந்து பாஸ்வேர்டை மாற்றி, ‘உங்கள் சாதனங்கள்’ பகுதியில் தெரியாததை வெளியேற்றி, அதன் பிறகு ரீசெட். திரும்பப் போடும்போது ஒரு போனிலுள்ளதை அப்படியே நகலெடுக்க போன் கம்பெனிகள் தரும் ‘குளோன்’ ஆப்களைப் பயன்படுத்த வேண்டாம், அவை அந்த ஏபிகேவையும் பத்திரமாகக் கொண்டுவந்து வைத்துவிடும். ஆப்களை ப்ளே ஸ்டோரிலிருந்து ஒவ்வொன்றாகப் போடுங்கள்.

வாட்ஸப்பை மறக்காதீர்கள். சிம் போட்டிருக்கும் சுத்தமான போனில் அதே நம்பரில் வாட்ஸப்பைப் பதியுங்கள். 6 இலக்கக் குறியீட்டைப் போட்டதும் வேறு எங்கே ஓடிக்கொண்டிருந்தாலும் அது வெளியேறும். டூ-ஸ்டெப் பின் ஒன்றைக் கேட்டு, அதை நீங்கள் வைத்ததே இல்லை என்றால், வைத்தது அவன். 7 நாள் காத்திருந்தால் பின் இல்லாமல் நுழையலாம். அதுவரை அவனும் உள்ளே இருக்க முடியாது. அப்பா இருக்கும் வாட்ஸப் குழுக்களுக்கும் அந்த ஃபைல் போயிருக்கலாம்; யாரும் அதைத் திறக்க வேண்டாம் என்று உங்கள் நம்பரிலிருந்து எழுதிவிடுங்கள், அட்மினிடம் சொல்லி நீக்கச் சொல்லுங்கள்.

மட்டுறுத்துநர் | இரவு 8.33

‘போன பணத்தை மீட்டுத் தரும் நிபுணர்’ என்று டெலிகிராம் நம்பரோடு வந்த பதிலை நீக்கியிருக்கிறேன். இந்த இழையில் எழுதுபவர்களுக்குத் தனிச்செய்தியும் அனுப்பியிருக்கிறார்கள். பதில் அனுப்ப வேண்டாம். ஏமாந்தவர்களைத் தேடி வருகிற இரண்டாவது கூட்டம் இது. முன்பணம் வாங்குவதோடு சரி.

முதல்தகவல் | இரவு 8.40

மூன்றாவது கேள்விக்கு. 1930 என்பது பணம் போன பிறகு, போன பணத்தைத் துரத்துவதற்கான வழி. எந்தக் கணக்குக்குப் போனது, அங்கிருந்து எங்கே தாவியது என்று வங்கி வங்கியாகத் தகவல் போய், மிச்சமிருக்கிற தொகையை யாரும் எடுக்க முடியாதபடி ‘லீன்’ போட்டு முடக்குவார்கள். அதனால்தான் நிமிடக் கணக்கு. பணம் போகாத நிலையில் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்திலுள்ள ‘சக்ஷு’ பகுதியில் அந்தச் செய்தியைப் பதியலாம், தேசிய சைபர் கிரைம் தளத்திலும் புகார் கொடுக்கலாம். இன்றிரவு ஒரு ரூபாய் போனாலும் மறுயோசனை இல்லாமல் 1930.

கூப்பிடும்போது கையில் இருக்க வேண்டியவை: கணக்கு எண், பணம் போன நேரம், தொகை, பரிவர்த்தனை எண். யுபிஐ, ஐஎம்பிஎஸ் என்றால் 12 இலக்கம். நெஃப்ட் என்றால் 16 எழுத்து. ‘பணம் போயிடுச்சு சார்’ என்பதை மட்டும் வைத்துக்கொண்டு அவர்களால் எதையும் தேட முடியாது. இரண்டு மூன்று முறையாகப் போயிருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனி எண் சொல்ல வேண்டும், பெரிய தொகையை மட்டும் சொல்லிவிட்டு மற்றதை விட்டால் விட்டது விட்டதுதான். 1930-இல் தருவது ஒப்புகை எண், எஃப்ஐஆர் இல்லை. மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்துக்குத் தனியாகப் போக வேண்டும். முடக்கிய தொகை திரும்ப வருவதற்குப் பல நேரம் நீதிமன்ற உத்தரவு கேட்பார்கள். அதற்கான பிரிவு பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 457, இப்போது அதன் இடத்தில் வந்துள்ள பிஎன்எஸ்எஸ் சட்டத்தில் 503.

கவுண்ட்டர்_3 ‘நேரம் எழுத்தில் இருக்கட்டும்’ என்றாரே, அதன் கனம் இங்கேதான். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கைப்படி, தவறு வங்கியிடமும் இல்லை, வாடிக்கையாளரிடமும் இல்லை என்றால் 3 வேலை நாளுக்குள் சொன்னவருக்கு நட்டம் இல்லை. 4 முதல் 7 வேலை நாள் என்றால் சாதாரண சேமிப்புக் கணக்குக்கு அதிகபட்சம் 10,000 ரூபாய் வரை அவர் தலையில். ஆனால் கார்டு விவரத்தை அவரே எழுதிக் கொடுத்தது ‘வாடிக்கையாளர் கவனக்குறைவு’ என்று வங்கி வாதாடும், பெரும்பாலும் வாதாடத்தான் செய்யும். அப்படியே வைத்துக்கொண்டாலும், வங்கிக்குச் சொன்ன நிமிடத்துக்குப் பிறகு போகிற பணம் முழுவதும் வங்கியின் பொறுப்பு. 8.10-க்குச் சொன்னீர்கள், 8.25-க்குப் பணம் போனது என்றால் அந்த நட்டம் உங்களுடையது இல்லை. கவனக்குறைவை நிரூபிக்கும் சுமையும் வங்கிக்கே. 30 நாளில் பதில் வராவிட்டால், அல்லது மறுத்தால், ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனிடம் (வாடிக்கையாளர் குறைதீர்ப்பாளர்) போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை.

வைகைக்கரை | இரவு 9.15

இரண்டு வங்கியிலும் டெபிட் ஃப்ரீஸ் போட்டாகிவிட்டது, புகார் எண் வந்தது. ‘அனுப்பியவை’யில் 7.19-க்கும் 7.21-க்கும் இரண்டு புரியாத எஸ்எம்எஸ் இருந்தன. யுபிஐ பதிவை நீக்கச் சொல்லிவிட்டோம். ஃபார்வர்டிங் ஏதும் இல்லை. இன்னும் ஒன்று: அப்பாவின் ஆதார், பாஸ்புக், கேஸ் புக் எல்லாவற்றின் போட்டோவும் அந்த போன் கேலரியில் இருந்தன. அந்த ஆப் ஃபைல் அனுமதியும் வாங்கியிருக்கிறது. என்ன செய்வது?

கவுண்ட்டர்_3 | இரவு 9.24

7.19-க்கு முதல் எஸ்எம்எஸ் என்றால் இன்ஸ்டால் ஆகி ஒன்பதே நிமிடம். மறுமுனையில் ஆள் உட்கார்ந்திருந்திருக்கிறான். ஃப்ரீஸை நாளையே எடுக்கச் சொல்லாதீர்கள். கிளைக்கு நேரில் போய் புது கார்டு, புது நெட் பேங்கிங் யூசர், யுபிஐ சுத்தமாக நீங்கியதற்கான உறுதி, மூன்றும் கிடைத்த பிறகு எடுக்கலாம். இதற்கிடையில் தெரியாத பணம் ஏதாவது கணக்கில் வந்து விழுந்தால் யார் கேட்டாலும் திருப்பி அனுப்பாதீர்கள், வங்கிக்கு எழுதிக் கொடுங்கள். இன்னொருவரிடம் திருடிய பணத்தை உங்கள் கணக்கு வழியாகக் கடத்துவது அவர்கள் வழக்கம். பிறகு லீன் விழுவது உங்கள் கணக்கில்.

சேஃப்மோட் | இரவு 9.31

ஆதாருக்கு: ஆதாரின் அதிகாரபூர்வ ஆப்பிலோ மைஆதார் தளத்திலோ ‘பயோமெட்ரிக் லாக்’ போடுங்கள். ஆதாரோடு இணைந்த நம்பருக்கு ஓடிபி வரும், அதனால் சிம் இருக்கும் சுத்தமான போனிலேயே செய்யலாம். வங்கி முகவரிடம் கைரேகை வைத்து எடுக்கும் ஏஇபிஎஸ் பணத்துக்கு ஓடிபி கிடையாது. பூட்டினால் அந்த வழி அடையும்.

வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள், பூட்டியபின் ரேஷன் கடையில் அப்பாவின் விரலை வைத்தால் எடுக்காது. மெஷின் கெட்டுப்போச்சு என்று அந்த ஊழியரோடு சண்டை போட்டுக்கொண்டிருக்க வேண்டாம். கடைக்குப் போய் வரிசை நெருங்கியதும் தற்காலிகமாகத் திறக்கலாம். 10 நிமிடத்தில் தானே பூட்டிக்கொள்ளும். பென்ஷனுக்கான ஜீவன் பிரமாண் (உயிர்ச்சான்று) எடுக்கும் நாளிலும் இதே கதைதான். அதே இடத்தில் ‘ஆதார் லாக்’ என்று இன்னொன்றும் இருக்கும், அது நம்பரையே பூட்டுவது, அதைத் திறக்க 16 இலக்க விஐடி (ஆதாருக்கு மாற்றாகத் தரும் எண்) வேண்டும். இப்போதைக்கு அதைத் தொட வேண்டாம்.

இனி எங்காவது நகல் கேட்டால் முதல் 8 எண்கள் மறைத்த மாஸ்க்டு ஆதாரைக் கொடுங்கள். சஞ்சார் சாத்தியில் அப்பா பெயரில் எத்தனை மொபைல் இணைப்பு இருக்கிறது என்பதையும் பார்த்துவிடுங்கள். தெரியாத நம்பர் இருந்தால் ‘என்னுடையது இல்லை’ என்று அங்கேயே குறிக்கலாம். ஒரு முறை இன்று, இன்னொரு முறை ஒரு மாதம் கழித்து. அப்பா பெயரிலுள்ள கடன்களைக் காட்டும் சிபில் அறிக்கையையும் அப்போதே எடுத்துப் பாருங்கள், ஆண்டுக்கு ஒரு முறை இலவசம். புதிதாகக் கடன் எதுவும் ஏறியிருந்தால் அதில் தெரியும்.

பட்டன்போன் | இரவு 9.40

உண்மையிலேயே சலான் இருக்கான்னும் பார்த்துடுங்க, அப்பாவுக்கு அந்த உறுத்தல் இருக்கும். பரிவாகன் இ-சலான் தளத்தை முகவரி அடிச்சுத் திறந்து வண்டி நம்பரைப் போட்டா தெரிஞ்சிடும். அங்கே எதையும் இன்ஸ்டால் பண்ணச் சொல்ல மாட்டாங்க.